கண்ணாடி மாளிகை ஹார்ட்விக்

ஹாரி பாட்டர் திரைப்படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? 'டெத்லி ஹாலோஸ்' கதையின் முதல் பாகத்தில் மால்ஃபோய் குடும்பத்தாரின் மாளிகை ஒன்று வரும். உயர்ந்த கோபுரங்களும் வரிசை வரிசையான சன்னல்களும் கொண்ட அந்த மாளிகையின் வெளித்தோற்றம் முழுக் கற்பனையன்று. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டார்பிஷயர் வட்டாரத்தில், ஒரு குன்றின்மீது நிற்கும் ஹார்ட்விக் மாளிகையைக் கொண்டே அதை உருவாக்கினார்கள். படத்தில் அந்த வீடு இருள் சூழ்ந்து அச்சமூட்டுவதாகத் தெரியும். அதைக் கட்டிய அம்மையார் இப்போது இருந்தால் நிச்சயம் முகம் சுளிப்பார். ஏனெனில் வெளிச்சத்திற்காகவே கட்டப்பட்ட வீடு அது.

இங்கிலாந்தில் இத்தகைய வீடுகளை 'நாட்டுப்புற மாளிகை' என்பர். பெயரைக் கேட்டதும் கிராமத்து ஓய்வில்லம் என்று எண்ணிவிட வேண்டாம். சுற்றியுள்ள வயல், காடு, சுரங்கம், சிற்றூர் ஆகிய அனைத்தையும் உடைமையாகக் கொண்ட உயர்குடியினரின் தலைமை இல்லம் அது. குத்தகை செலுத்துவோர் வருவதும், அரசியல் பேசப்படுவதும், திருமண உறவுகள் முடிவாவதும் அங்கேதான். அந்த வீட்டின் தோற்றமே உரிமையாளரின் தகுதியை ஊருக்கு அறிவிக்கும். இதை நன்கு உணர்ந்து கட்டப்பட்ட வீடுகளுள் ஹார்ட்விக்கிற்கு இணையானவை மிகச் சிலவே.

கட்டியவர் யார்?

எலிசபெத் என்பது அவருடைய இயற்பெயர். வரலாறு அவரை 'ஹார்ட்விக்கின் பெஸ்' என்று அழைக்கிறது. இப்போது மாளிகை நிற்கும் அதே ஹார்ட்விக்கில், பெரிய செல்வம் இல்லாத ஒரு நிலக்கிழார் குடும்பத்தில், 1520களில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பின்னர் நான்கு முறை திருமணம் செய்துகொண்டார். நான்கு கணவர்களும் அவருக்கு முன்பே இறந்தனர். இரண்டாம் கணவர் சர் வில்லியம் கேவண்டிஷ் வழியாகவே அவருக்குப் பிள்ளைகள் பிறந்தனர். நான்காம் கணவர் ஷ்ரூஸ்பரி கோமகன் ஜார்ஜ் டால்பட். அவர் நாட்டின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர். ஸ்காட்லாந்து அரசி மேரி இங்கிலாந்தில் சிறைவைக்கப்பட்டிருந்தபோது, ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அவரைக் காவலில் வைத்திருந்தவரும் அவரே.

பெஸ் அம்மையாரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அக்காலச் சட்டம் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். மணமான பெண்ணுக்குத் தனியே சொத்துரிமை என்று பெரிதாக எதுவும் கிடையாது. அவள் கொண்டுவந்ததும் ஈட்டியதும் கணவனின் ஆளுகைக்குள் வந்துவிடும். ஆனால், கணவனை இழந்த பெண் தன் பங்கைத் தானே ஆளலாம். தன் பெயரில் வாங்கலாம், விற்கலாம், கட்டலாம். பெஸ் அம்மையாருக்கும் நான்காம் கணவருக்கும் சொத்துகளைக் குறித்துக் கடும் பூசல் மூண்டது. இருவரும் பிரிந்து வாழ்ந்தனர். அரசி முதலாம் எலிசபெத்தே தலையிட்டுச் சமரசம் செய்ய முயலும் அளவிற்கு அது முற்றியது. 1590ஆம் ஆண்டில் கணவர் காலமானார். அதே ஆண்டிலேயே ஹார்ட்விக் குன்றின்மீது புதிய மாளிகைக்கு அடித்தளம் தோண்டும் வேலை தொடங்கிவிட்டது.

இத்தனைக்கும் சில அடிகள் தள்ளி அவருடைய பழைய மாளிகை இன்னும் கட்டி முடிக்கப்படாமல் நின்றுகொண்டிருந்தது! தாம் பிறந்த வீட்டைத்தான் அவர் விரிவுபடுத்திக்கொண்டிருந்தார். அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. பழையது பகுதி பகுதியாக ஒட்டவைக்கப்பட்ட வீடு. புதியதோ முதல் கல்லிலிருந்தே திட்டமிட்டு எழுந்த வீடு. 1597ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் அதில் குடியேறினார். அப்போது அவருக்கு வயது எழுபதை ஒட்டியிருந்தது.

வெளியிலிருந்து பார்த்தால்

இந்த மாளிகைக்கு வரைபடம் தந்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்று கட்டடக்கலை அறிஞர்கள் கருதுகின்றனர். லாங்லீட், வோலட்டன் ஆகிய பெரும் மாளிகைகளிலும் அவருடைய கைவண்ணம் உண்டு. அக்காலத்தில் அவரைப் போன்றோர் தலைமைக் கொத்தனாராகவே மதிக்கப்பட்டனர். 'கட்டடக் கலைஞர்' என்ற தனித்தொழில் அப்போதுதான் இங்கிலாந்தில் உருப்பெறத் தொடங்கியிருந்தது.

கட்டடத்தின் அடிப்படை வடிவம் எளிமையானது. நீண்ட செவ்வகம் ஒன்று. அதைச் சுற்றி ஆறு சதுரக் கோபுரங்கள். இடப்பக்கம் இருப்பது அப்படியே வலப்பக்கமும் இருக்கும். இந்தச் சமச்சீர் அமைப்பு இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். தேவைக்கேற்ப ஓர் அறை இங்கே, ஒரு மாடி அங்கே என்று வீடுகள் வளர்ந்த அக்காலத்தில், அது புதுமை. இத்தாலியில் தோன்றிய மறுமலர்ச்சிக் கலையின் தாக்கம் அது.

ஆனால், காண்போரை வியக்கவைப்பது வடிவமன்று, சன்னல்கள்தாம். முகப்பு முழுவதும் கண்ணாடி. கல் என்பது சன்னல்களைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம் போலவே தெரிகிறது. ஹார்ட்விக்கில் சுவரைவிடக் கண்ணாடியே அதிகம் என்று மக்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நம்மைப் போன்ற வெப்பமண்டலவாசிகளுக்குச் சன்னல் என்றதும் காற்றுதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்திலோ டிசம்பர் மாதத்தில் பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். அங்கே சன்னலின் பெரும்பணி ஒளியை உள்ளே அனுப்புவதே. அந்த ஒளி எளிதில் கிடைக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் கண்ணாடி மிக விலையுயர்ந்த பொருள். ஏழை எளியோர் மரக்கதவாலோ எண்ணெய் தடவிய துணியாலோ சன்னலை மூடினர். வீடு மாறும்போது கண்ணாடிகளைக் கழற்றித் தம்மோடு எடுத்துச் சென்றவர்களும் உண்டு. பெரிய கண்ணாடித் தகடு செய்யும் நுட்பமும் அப்போது இல்லை. உருகிய கண்ணாடியைக் குழாயால் ஊதி, விரித்துத் தட்டையாக்கிச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுவர். அத்துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்துத்தான் ஒரு சன்னலை உருவாக்க முடியும். ஹார்ட்விக்கின் ஒரு சன்னலுக்கு எத்தனை துண்டுகள் தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெஸ் அம்மையாருக்கு ஒரு வசதி இருந்தது. கல் குன்றின் அடிவாரத்திலேயே வெட்டப்பட்டது. ஈயமும் மரமும் அவருடைய சொந்த நிலங்களிலிருந்து வந்தன. கண்ணாடியும் அவருடைய பட்டறையிலேயே செய்யப்பட்டது. பிறர் காசு கொடுத்து வாங்கியதை அவர் தம் மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்டார். இவ்வளவு கண்ணாடியை வைத்ததால் எவ்வளவு சன்னல் வரி கட்டியிருப்பார் என்று சிலர் கேட்பதுண்டு. அது பொருந்தாத கேள்வி. இங்கிலாந்தில் சன்னல் வரி 1696ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஹார்ட்விக் எழுந்துவிட்டது.

சுவரில் இவ்வளவு இடத்தைச் சன்னலுக்குக் கொடுத்தால் கட்டடத்தின் பாரத்தை எது தாங்கும்? கணப்புகளையும் புகைபோக்கிகளையும் எங்கே வைப்பது? இந்தச் சிக்கலை ஸ்மித்சன் தீர்த்த விதம் அழகானது. வீட்டின் நடுவே தடித்த உட்சுவரை எழுப்பி, புகைபோக்கிகளில் பெரும்பாலானவற்றை அதனுள் ஒளித்துவிட்டார். வெளிச்சுவர் விடுதலை பெற்றது. கொஞ்சம் ஏமாற்று வேலையும் உண்டு. வெளியே ஒரே சன்னலாகத் தெரியும் சில இடங்களில், உள்ளே தாழ்வான இரண்டு தளங்கள் மறைந்திருக்கின்றன. சில சன்னல்கள் வெறும் தோற்றத்திற்காக மட்டுமே வைக்கப்பட்டவை. அவற்றின் பின்னால் சுவர்தான் உள்ளது. சமச்சீர் கெடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கீழ்த்தளச் சன்னல்கள் சிறியவை. முதல் மாடியில் அவை உயர்கின்றன. இரண்டாம் மாடியில் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்கின்றன. கீழே பணியாளர்கள், நடுவில் குடும்பத்தார், மேலே அரசியே வந்தாலும் வரவேற்கத்தக்க விழா அறைகள் என்பது வீட்டின் ஒழுங்கு. குன்றின் அடியிலிருந்து நிமிர்ந்து பார்ப்பவர், வீட்டுக்குள் நுழையாமலே இந்த ஒழுங்கைப் படித்துவிடலாம்.

கோபுர உச்சிகளில் இருப்பதையோ, படிக்காமல் இருக்கவே முடியாது. ஆறு கோபுரங்களின் கைப்பிடிச் சுவர்களிலும் 'ஈ', 'எஸ்' என்னும் ஆங்கில எழுத்துகள், கோமகளின் மகுடத்துடன், ஆளுயரக் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. 'எலிசபெத் ஷ்ரூஸ்பரி' என்பதன் முதலெழுத்துகள் அவை. பின்னால் வானம் மட்டுமே இருப்பதால் அவை தொலைவிலிருந்தே தெளிவாகத் தெரியும். கணவர்களின் பெயர்களால் அறியப்பட்ட ஒரு பெண், தம் பெயரை வானத்தின்மீதே எழுதிவைத்தார். இதைத் தற்பெருமை என்று சொல்வோர் உண்டு. தம் பெயரில் ஒரு செங்கல்லைக்கூட உரிமை கொள்ள முடியாதிருந்த ஆண்டுகளுக்கு அவர் அளித்த பதில் இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

படியேறும் பயணம்

முன்வாசலில் நுழைந்தவுடன் பெருங்கூடம். இதிலும் ஒரு புதுமை இருக்கிறது. பழைய ஆங்கிலேய வீடுகளில் கூடம் முகப்புக்கு இணையாகக் கிடக்கும். பக்கவாட்டில் நுழைய வேண்டும். ஹார்ட்விக்கில் கூடம் முகப்பிலிருந்து பின்பக்கம்வரை நேராக ஓடுகிறது. முன்பெல்லாம் வீட்டுத் தலைவரும் பணியாளர்களும் ஒரே கூடத்தில் உணவருந்தினர். பதினாறாம் நூற்றாண்டில் தலைவர்கள் மெல்ல மெல்ல மாடிக்கு நகர்ந்துவிட்டனர். கூடம் பணியாளர்களின் இடமாகவும், வந்தவர் கடந்து செல்லும் இடமாகவும் மாறியது. ஒரு சமூகம் இரண்டாகப் பிரிந்ததை ஓர் அறையின் திசை மாற்றம் காட்டிவிடுகிறது.

கூடத்தைக் கடந்ததும் கல் படிக்கட்டு தொடங்குகிறது. சுழன்று ஏறும் குறுகிய படிக்கட்டன்று அது. அகன்று, நீண்டு, திரும்பித் திரும்பி, நிழலிலும் வெளிச்சத்திலுமாக வீட்டின் ஊடே நடந்து செல்வதுபோல் மேலேறுகிறது. விருந்தினரை வேண்டுமென்றே காக்கவைத்து, எதிர்பார்ப்பை வளர்த்து, இறுதியில் இரண்டாம் மாடியின் பெரிய அறையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. விருந்து நாள்களில் சமையலறையிலிருந்து உணவும் இதே படிகளில்தான் ஊர்வலமாக ஏறியது. அடுப்பங்கரை கீழ்த்தளத்தில், உண்பவரோ உச்சியில். சூடு ஆறாமல் தட்டு வந்து சேர்ந்திருக்குமா என்பது ஐயமே. சூட்டைவிடச் சடங்கே முக்கியம் என்று கருதிய காலம் அது.

'உயர் பேரறை' என்று அழைக்கப்படும் அந்த விருந்தறையில் முதலில் கண்ணைக் கவர்வது சுவரின் மேற்பகுதி. நான்கு பக்கமும் அகன்ற பட்டையாகச் சுதைச் சிற்பங்கள் ஓடுகின்றன. ஆப்ரகாம் ஸ்மித் என்னும் கைவினைஞரின் குழுவினர் அவற்றைச் செய்து வண்ணம் தீட்டினர். அடர்ந்த காடு, மரங்களுக்கிடையே மான்கள், சிங்கம், யானை. நடுவில் வேட்டைத் தெய்வம் டயானா தோழியரோடு அமர்ந்திருக்கிறாள். டார்பிஷயர்க் கைவினைஞர் யானையை நேரில் பார்த்திருப்பாரா என்று கேட்கத் தோன்றும். டயானா மணமாகாத கன்னித் தெய்வம். முதலாம் எலிசபெத் அரசியும் மணம் செய்துகொள்ளாதவர். எனவே இது அரசிக்குச் செய்த மறைமுகப் புகழுரை. கணப்பின் மேற்புறத்தில் அரச குலச்சின்னமும் இடம்பெற்றுள்ளது. அரசி ஒருநாள் வருவார் என்று வீடே காத்திருந்தது. அவர் கடைசிவரை வரவில்லை.

சிற்பங்களுக்குக் கீழே சுவரை மூடியிருப்பவை 'டேப்பஸ்ட்ரி' எனப்படும் சித்திரத் திரைச்சீலைகள். இவற்றில் ஓவியம் துணியின்மேல் தீட்டப்படுவதில்லை. வண்ண நூல்களைக் கொண்டு தறியிலேயே உருவங்களை நெய்துவிடுவார்கள். ஓவியத்தைவிடப் பன்மடங்கு விலை மிகுந்தவை இவை. அழகுக்காக மட்டுமன்றி, கற்சுவரின் குளிரைத் தடுக்கவும் இவை உதவின. இந்த அறையில் உள்ளவை கிரேக்க வீரன் யுலிசிஸின் கதையைச் சொல்கின்றன. இவற்றை வாங்கிய பின்னரே வீடு கட்டப்பட்டது. திரைச்சீலையின் உயரத்திற்கேற்பச் சுவர் அளவிடப்பட்டது. தரையில் விரிக்கப்பட்டிருப்பது கோரைப்பாய். பொன்னும் பட்டும் மின்னும் அறையில் கோரைப்பாயா என்று வியக்காதீர்கள். கம்பளங்கள் காலால் மிதிக்க முடியாத அளவிற்கு அரியவை. அவற்றை மேசைமேல்தான் விரித்தார்கள்.

இருக்கைகளும் அப்படித்தான். கையும் முதுகுச் சாய்வும் உள்ள நாற்காலி மிக உயர்ந்தவருக்கு மட்டுமே. மற்றவர்களுக்கு முக்காலியும் விசுப்பலகையும். யார் எதில் அமர்கிறார் என்பதைக் கொண்டே அவரவர் நிலையை அறியலாம்.

இங்கே ஒரு மேசை இருக்கிறது. காட்டு ரோஜாவின் பெயரால் 'எக்லன்டைன் மேசை' என்பார்கள். அதன் மேற்பலகை முழுவதும் வெவ்வேறு நிற மரத்துண்டுகளைப் பதித்து இசைக்கருவிகள், சீட்டுகள், ஆட்டப் பலகைகள், இசைக் குறியீடுகள் என வரைந்திருக்கிறார்கள். பெஸ் அம்மையார் ஷ்ரூஸ்பரி கோமகனை மணந்த காலத்தில், இரு குடும்பங்களின் இணைப்பைக் கொண்டாடச் செய்யப்பட்டது இது. அவருடைய இரு பிள்ளைகளுக்கும் கோமகனின் இரு பிள்ளைகளுக்கும் அப்போது மணம் முடிக்கப்பட்டது. திருமணம் கசந்தது, மேசை நிலைத்தது.

ஐந்து பவுன் தள்ளுபடி

உயர் பேரறைக்கு அடுத்து நீள்மாடம். கிழக்குப் பக்கத்தின் முழு நீளத்திற்கும் ஒரே அறையாக விரிகிறது. நீளம் ஏறத்தாழ 50 மீட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றைக் கூரைக்கடியில் கொண்டுவந்து வைத்ததுபோல் கற்பனை செய்துகொள்ளுங்கள். மழையும் பனியும் பெய்யும் நாள்களில் பெண்களும் முதியோரும் நடைப்பயிற்சி செய்தது இங்கேதான். நடப்பவர் பார்த்து மகிழச் சுவரெங்கும் உருவப்படங்கள். அவற்றுள் ஒன்று எலிசபெத் அரசியின் முழுவுருவப் படம். மலர்களும் பறவைகளும் கடல்விலங்குகளும் நிறைந்த பாவாடையோடு நிற்கிறார். நேரில் வராத அரசி படமாக வந்து சேர்ந்துவிட்டார்.

படங்களுக்குப் பின்னால் சுவரை மூடியிருப்பவை 13 சித்திரத் திரைச்சீலைகள். விவிலியத்தில் வரும் கிதியோன் என்னும் தலைவன், முந்நூறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்படையை வென்ற கதை அவற்றில் நெய்யப்பட்டுள்ளது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 மீட்டர் உயரம். சர் கிறிஸ்டஃபர் ஹேட்டன் என்னும் அரசவைப் பெரியவருக்காக அவை முதலில் நெய்யப்பட்டன. அவர் கடனோடு இறந்துபோகவே, 1592ஆம் ஆண்டில் பெஸ் அம்மையார் அவற்றை விலைக்கு வாங்கினார். விலை 326 பவுன். அக்காலத்தில் அது பெருந்தொகை.

ஒரு சிக்கல் எழுந்தது. திரைச்சீலைகளில் ஹேட்டனின் குலச்சின்னம் நெய்யப்பட்டிருந்தது. அதை மாற்ற வேண்டுமே! அதற்கு ஆகும் செலவுக்காக ஐந்து பவுனைப் பெஸ் அம்மையார் விலையில் கழித்துக்கொண்டார். பிறகு புதிதாக நெய்யச் சொன்னாரா? இல்லை. தம் குலச்சின்னத்தைக் கம்பளித் துணியில் தீட்டச் செய்து, பழையதன்மேல் வைத்துத் தைத்துவிட்டார். ஹேட்டனின் சின்னத்தில் பெண்மான் இருந்தது. கேவண்டிஷ் குடும்பச் சின்னமோ கொம்புள்ள கலைமான். எனவே பெண்மான்களுக்குக் கொம்பு வரைந்து சேர்த்தார்கள்! கூர்ந்து பார்த்தால் இன்றும் தெரியும்.

சிரிப்பு வரலாம். ஆனால் அவருடைய மாளிகை எப்படி எழுந்தது என்பதற்கான விடையும் இந்தச் சிறு நிகழ்விலேயே இருக்கிறது. அவர் கணக்குப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர். கட்டுமானக் கணக்குகள் இன்றும் உள்ளன. செலவழிக்கவும் தெரியும், செலவைக் குறைக்கவும் தெரியும். பழைய பொருளைப் புதிதாக்குவதிலும் வல்லவர். எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் மடாலயங்கள் மூடப்பட்டபோது, பாதிரிமார்களின் பொன்னிழை அங்கிகள் பல கைமாறின. அந்த அங்கிகளை வெட்டி ஒட்டி, பெருமைமிக்க பெண்களின் உருவங்களைக் கொண்ட தொங்குதிரைகளை அவர் செய்வித்தார். யுலிசிஸுக்காக இருபது ஆண்டுகள் காத்திருந்த மனைவி பெனிலோப்பி அவர்களுள் ஒருத்தி. அவளுடைய இரு பக்கமும் விடாமுயற்சியும் பொறுமையும் பெண்வடிவில் நிற்கின்றன.

பேத்தியும் அதே வீட்டில்

விழா அறைகளிலிருந்து ஒரு மாடி இறங்கினால் பெஸ் அம்மையாரின் சொந்த அறைகள். 1601ஆம் ஆண்டில், உயில் எழுதும்போது, வீட்டின் அறை ஒவ்வொன்றிலும் என்னென்ன இருந்தன என்று ஒரு பொருட்பட்டியல் தயாரிக்கப்பட்டது. வரலாற்று ஆசிரியர்களுக்கு அது பெரும்புதையல். முதிய கோமகளின் படுக்கையறையில் இருந்தவற்றைப் படித்தால் ஒன்று விளங்கும்: கம்பளிகள், மெத்தைகள், கனத்த திரைகள் என எல்லாமே குளிரோடு நடத்திய போருக்கான ஆயுதங்கள். கண்ணாடி ஒளியைத் தந்தது. கூடவே குளிரையும் தந்தது. ஊரே வியந்த சன்னல்களின் விலையை ஒவ்வொரு குளிர்கால இரவிலும் அவர் உடலால் செலுத்தினார்.

அந்த வீட்டில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். பெயர் ஆர்பெல்லா ஸ்டுவர்ட். பெஸ் அம்மையாரின் மகள்வழிப் பேத்தி. தந்தை வழியில் அவளுக்கு அரச இரத்த உறவு உண்டு. எலிசபெத் அரசிக்குப் பிள்ளை இல்லாததால், அடுத்து அரியணை ஏறக்கூடியவர்களுள் ஆர்பெல்லாவின் பெயரும் அடிபட்டது. பெற்றோரை இழந்த அவளைப் பாட்டியே வளர்த்தார். நல்ல கல்வி அளித்தார். ஆனால் அவளைக் கடத்திச் செல்லச் சதி நடப்பதாகச் செய்தி பரவியதும் காவல் இறுகியது. மாலைக்குப் பின் வெளியே விடுவதில்லை என்றும், தம் அறையிலேயே படுக்கவைப்பதாகவும் பெஸ் அம்மையார் அரசவைக்குக் கடிதம் எழுதினார்.

இருபத்தேழு வயதிலும் நிலைமை மாறவில்லை. 1602ஆம் ஆண்டு இறுதியில் ஆர்பெல்லா பாட்டிக்குத் தெரியாமல் தனக்குத் தானே ஒரு திருமண ஏற்பாட்டைச் செய்ய முயன்றாள். செய்தி அரசவைக்கு எட்டியது. விசாரிக்க அதிகாரி ஹார்ட்விக்கிற்கு வந்தார். சில மாதங்களில் தப்பிச் செல்லவும் முயன்று தோற்றாள். பாட்டி அவளைத் தம் உயிலிலிருந்து நீக்கினார். பின்னாளில் வேறொரு திருமணத்திற்காக ஆர்பெல்லா சிறைப்பட்டு, 1615ஆம் ஆண்டில் லண்டன் கோட்டைச் சிறையில் இறந்தாள்.

இங்கிலாந்திலேயே அதிகச் சன்னல்கள் கொண்ட வீடுகளுள் ஒன்று, அவளுக்குக் கூண்டாக இருந்தது. தம் விடுதலையைக் கல்லில் எழுதிய பாட்டி, பேத்திக்கு அதை ஏன் தரவில்லை? அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்பது ஒரு வாதம். அரசியின் சினத்திற்கு அஞ்சினார் என்பது இன்னொன்று. பேத்தியை அரசியாக்கும் ஆசை கைநழுவிவிடக்கூடாது என்று நினைத்தார் என்பது மூன்றாவது. மூன்றுமே ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாதா? வகுப்பில் நண்பர்களோடு பேசிப் பாருங்கள்.

ஒளியே பகையானது

1608ஆம் ஆண்டில் பெஸ் அம்மையார் காலமானார். அவருடைய வழித்தோன்றல்கள் டெவன்ஷயர் கோமகன்களாக உயர்ந்தனர். சாட்ஸ்வொர்த் என்னும் மற்றொரு மாளிகையைத் தலைமை இல்லமாகக் கொண்டனர். சாட்ஸ்வொர்த் காலத்திற்கேற்ப இடித்துக் கட்டப்பட்டது. ஹார்ட்விக்கோ அவ்வப்போது வந்துபோகும் வீடாக ஒதுங்கிவிட்டது. அந்தப் புறக்கணிப்பே அதைக் காப்பாற்றியது. பக்கத்திலிருந்த பழைய மாளிகை கூரையிழந்து இடிபாடாக நிற்கிறது.

1950ஆம் ஆண்டில் பத்தாம் டெவன்ஷயர் கோமகன் திடீரென்று இறந்தார். அப்போது பெருஞ்சொத்துகளுக்கான மரபுரிமை வரி 80 விழுக்காடு. வரிப்பணத்திற்கு ஈடாக ஹார்ட்விக் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டில் அது 'நேஷனல் டிரஸ்ட்' என்னும் மரபுடைமை அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. அங்கே கடைசியாக வாழ்ந்தவர் கோமகளார் எவலின். கணவரை இழந்த பின் முதுமையில் தனியே தங்கி, நைந்துபோன திரைச்சீலைகளைத் தம் கையாலேயே தைத்துச் செப்பனிட்டவர் அவர்.

நானூறு ஆண்டுகளில் அந்தத் துணிகளை எது நையவைத்தது? தூசி, புகை, பூச்சி எல்லாம்தான். ஆனால் முதன்மையான பகை ஒளி. சூரிய ஒளி சாயத்தை மங்கச் செய்கிறது. பட்டு நூலைப் பொடியாக்குகிறது. ஒருமுறை ஏற்பட்ட சேதத்தைத் திருப்ப முடியாது. அது ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும். எந்த ஒளிக்காகப் பெஸ் அம்மையார் இந்த வீட்டைக் கட்டினாரோ, அதே ஒளி அவர் உள்ளே தொங்கவிட்டவற்றை மெல்லத் தின்றது.

கிதியோன் திரைச்சீலைகள் 13-ஐயும் மீட்கும் பணி 1999ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒரு நேரத்தில் ஒன்று என்று கழற்றினார்கள். ஒவ்வொன்றும் பெல்ஜியத்துக்கு அனுப்பப்பட்டு, சிறப்புப் பட்டறையில் கழுவப்பட்டது. பின் நார்ஃபக்கில் உள்ள துணிப் பாதுகாப்புக் கூடத்திற்குச் சென்றது. அங்கே வல்லுநர்கள் பின்புறம் புதுத் துணியைத் தாங்கலாக வைத்து, நைந்த இடங்களை ஊசி நூலால் தையல் தையலாக இணைத்தனர். முழுப் பணியும் முடிய 24 ஆண்டுகள் ஆயின. செலவு 17 இலட்சம் பவுன். மாளிகையை ஏழு ஆண்டுகளில் கட்டிவிட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

2023ஆம் ஆண்டில் கடைசித் திரைச்சீலை நீள்மாடத்திற்குத் திரும்பியது. சன்னல்களில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. அதோடு மறைப்புத் திரைகளும் இறக்கப்பட்டிருக்கின்றன. துணிகள் உள்ள அறைகளில் ஒளியின் அளவு ஏறத்தாழ 50 லக்ஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பொது விதி. படிப்பதற்கு நாம் பயன்படுத்தும் வெளிச்சத்தில் அது சிறு பங்குதான். பார்க்க வருவோரில் சிலர் ஏமாற்றம் அடைகிறார்கள். திரைகளை உயர்த்திவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். திரைச்சீலைகளைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வெறும் அறையில் வெயிலை நுழையவிடலாம். அப்போது பெஸ் அம்மையார் கண்ட ஒளி திரும்பிவிடும். அவர் அந்த ஒளியில் கண்ட எதுவும் அங்கே இருக்காது.

அதனால் இப்போது அங்கே செல்பவர்கள் நீள்மாடத்தின் வாசலில் ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. கண் அந்த மங்கலுக்குப் பழகும்வரை ஒன்றும் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாக நீலமும் பழுப்பும் துலங்கத் தொடங்கும். முதலில் கிதியோனின் வீரர்கள், அடுத்து குதிரைகள், அதற்கும் பிறகு, ஓரத்தில், கொம்பு முளைத்த பெண்மான்.